மூச்சுச் சீட்டு

நொச்சித்துறையில் கெட்டது இதுதான்: ஊராரின் மூச்சு கும்பனிச் சீட்டுக்குள் போய்விட்டது.

எப்படிப் போனது என்று கேட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை. கடல் ஏன் கரிக்கிறது என்று தெரிந்துகொண்டா வலை வீசுகிறோம்? போனது. அவ்வளவுதான்.

முன்பெல்லாம் சங்கு குளிக்கிறவன் தன் சங்கைத் தனக்குப் பிடித்தவனுக்கு விற்றான். மரைக்காயர் வந்து வாங்குவார், வங்காளத்து வளையல் பட்டறையிலிருந்து ஆள் வந்து வாங்குவான், இரண்டு பேரும் மணலில் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் திட்டித் திட்டி விலையை ஏற்றுவார்கள், குளித்தவன் தலையைத் துவட்டிக்கொண்டு வேடிக்கை பார்ப்பான். பிறகு கும்பனி வந்தது. கடலுக்கு அடியில் கிடக்கிற சங்கு, கிடக்கப்போகிற சங்கு, இன்னும் முட்டைக்குள் இருக்கிற சங்கு எல்லாம் தன்னுடையது என்று தண்டோரா போட்டது. வேறு ஆளுக்கு விற்றால் காலில் விலங்கு. செம்புக்காசு போய்ச் சீட்டு வந்தது. உள்ளங்கை அகலக் காகிதம். மேலே பாய் விரித்த கப்பல், கீழே தூண்டில் முள் மாதிரி துரையின் கையெழுத்து. அதைக் கொண்டுபோனால் கும்பனி சரக்கு அடுக்கி வைக்கிற கிட்டங்கியில் கல் கொடுப்பார்கள், கல்லோடு கொஞ்சம் அரிசியும் இருக்கும். ஊரைத் தாண்டினால் அது செல்லாது. அடுத்த ஊரில் நீட்டினால் மூக்கைச் சிந்திக்கொள்ளச் சொல்வான்.

அதைக்கூடப் பொறுத்தார்கள். பொறுக்க முடியாமல் போனது பலகையை. கிட்டங்கி வாசலில் நடுவில் ஓட்டை போட்ட ஒரு பலகை வைத்திருந்தார்கள். கொண்டுவந்த சங்கை அந்த ஓட்டையில் விட்டுப் பார்ப்பார்கள். விழுந்தால் சங்கு சின்னது, கூலி கிடையாது, ஆனால் சங்கைத் திருப்பித் தரவும் மாட்டார்கள். ஓட்டை மாதத்துக்கு மாதம் பெரிதாகிக்கொண்டு வந்தது. கடைசியில் ஒரு தேங்காய் விழுகிற அளவு ஆனது.

ஊர் கூடியது. அன்றைக்குச் சத்தமாகப் பேசியவன் லாசர்.

லாசருக்குக் கயிறு பிடிக்கிற வேலை. நொச்சித்துறையில் குளிக்கிறவனுக்கு அவன் பெண்டாட்டியின் அண்ணனோ தம்பியோதான் கயிறு பிடிக்க வேண்டும். வேறு யார் பிடித்தாலும் கை தளரும்; உடன்பிறந்தவள் தாலி அறுக்கக் கூடாது என்கிறவன் கை தளராது. லாசர் தன் தங்கை ரோசலியின் புருசன் சந்தியாகுவுக்குப் பிடித்தான். ஆள் மேலே வர நேரமாகிவிட்டது என்று பட்டால் கயிற்றில் வாயை வைத்து, அவனுக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பேரைச் சொல்லி நெஞ்சு கிழியக் கூப்பிடுவான். அந்தச் சத்தம் கயிறு வழியாக இறங்கி அடியில் போய்ச் சேரும். கீழே இருக்கிறவன் ஒரு இழுப்பு இழுத்துப் பதில் சொல்லுவான். மச்சான் என்று கூப்பிட்டால் ஆகாது, அடியில் எத்தனையோ மச்சான்கள். அதனால் அந்தப் பேர் கயிற்றுக்கு மட்டும் உரியது. கரையில் அதை யாரும் உரக்கச் சொல்வதில்லை. கரையில் எல்லாம் நெட்டையன், சப்பாணி, மூக்கன், கருவாச்சிதான். கட்டினவளோ கட்டினவனோ சாடையாகக்கூட ஒருவர் பேரை ஒருவர் சொல்வது கிடையாது.

அந்த லாசர்தான் எழுந்து நின்று சொன்னான்: "சங்குக்குக் கூலி வேண்டாம். முங்குக்குக் கூலி கொடு. ஒரு தரம் முங்கினா ஒரு சீட்டு. சங்கு ஓட்டையில விழலாம், முங்கு விழுமா?"

ஊர் ஆரவாரம் செய்தது. சங்கு கழுவுகிற பெண்களும் விடவில்லை. சங்கைக் குழியில் போட்டுச் சதை அழுகிய பிறகுதான் கழுவ வேண்டும். அந்த நாற்றத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு கையை விட வேண்டும். அவர்களுக்கும் ஒரு தரம் மூக்கைப் பிடித்தால் ஒரு சீட்டு என்று பேசி முடித்தார்கள். கயிறு பிடிக்கிறவனுக்குக் கூப்பாட்டுக்கு ஒன்று.

துபாசி சட்டநாத பிள்ளை அத்தனையையும் துரைக்கு அவர் பாசையில் சொன்னார். துபாசிக்கும் சம்பளம் அதே சீட்டுதான், பேசுகிற பேச்சுக்கு. துரை உடனே சரி என்றார். விலை பேசாமல் ஒருத்தன் சரி என்றால் சந்தேகப்பட வேண்டாமா? படவில்லை. பட்டாசு வெடித்தார்கள்.

சந்தேகப்பட்டவள் ஒருத்திதான். லாசரின் பெண்டாட்டி. தெற்கே எங்கேயோ தேரிக்காட்டுப் பக்கத்திலிருந்து கட்டி வந்தவள். ஊர் அவளுக்கு வைத்த பேர் ஊதாங்குழல். அவள் வாசலில் நின்று ஒரு ஆளைத் திட்ட ஆரம்பித்தால் அந்த ஆள் தோணியேறித் தீவுக்குப் போனாலும் வசவு பின்னாலேயே போகும். ஆப்பம் சுட்டு விற்றாள். ஆப்பத்துக்கு மாற்றாக மீன் வாங்குவாள், தேங்காய் வாங்குவாள், விறகு வாங்குவாள். சீட்டு வாங்க மாட்டாள்.

"மூச்ச வித்துட்டு வந்து நிக்கீராக்கும்," என்றாள் லாசரிடம்.

"முங்கத்தான்டி வித்தோம்."

"முங்குறதுன்னா என்னவே? தண்ணிய அடக்குறதா? கும்பனிக் காயிதம் என் அரிசிப் பானைப் பக்கம் வரக்கூடாது. வந்துச்சு, அடுப்புல வைப்பேன்."

"கோட்டிக்காரி," என்றான் லாசர். தன் சீட்டையெல்லாம் தங்கை வீட்டில் கொடுத்து வைத்தான்.

முதலில் பார்த்தது ரோசலி. கும்பாவுக்கு அடியில் வைத்திருந்த சீட்டு கும்பாவைத் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தது. பல்லியாக இருக்கும் என்று எடுத்துப் பார்த்தாள். பல்லி இல்லை. காகிதம் உப்பியது, தணிந்தது, உப்பியது, தணிந்தது, கப்பல் படத்துப் பாய் காற்று வாங்கியது போலப் புடைத்துப் புடைத்து வந்தது. காதில் வைத்துக் கேட்டாள். புருசனின் குறட்டை. "இது நம்ம வீட்டு ஆளோடதுதான்," என்று சொல்லி, பறந்துவிடாமல் மேலே அம்மிக்குழவியை வைத்துவிட்டுச் சோறு வடிக்கப் போனாள்.

சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் பேச்சு. யாரும் பயந்துவிடவில்லை. பயந்து என்ன செய்ய, வயிறு இருக்கிறதே. சீட்டைக் கட்டிப்போட நூல் விலை ஏறியது. தகப்பன் கடலுக்குப் போயிருக்கும்போது அழுகிற பிள்ளைக்குத் தொட்டிலில் அவன் சீட்டு ஒன்றைச் சொருகி வைத்தார்கள். பிள்ளை அந்த மூச்சுக்கு இசைந்து தூங்கியது. கள்ளுக்கடைக்காரன் ஒவ்வொரு சீட்டையும் முகர்ந்து பார்த்து, இளைப்புக்காரன் சீட்டு என்றால் பாதிக் கலயம்தான் ஊற்றினான். கல்யாணம் பேசப் போனவர்கள் மாப்பிள்ளையின் சீட்டைக் கொண்டுவரச் சொல்லி, சீராக மூச்சு விடுகிறதா, நடுவில் இருமுகிறதா என்று மடியில் வைத்துப் பார்த்தார்கள். கோயில் உண்டியல் பூசை நேரத்தில் பெருமூச்சு விட்டுக்கொண்டே இருந்தது, சாமியார் பிரசங்கத்தை நீட்டினால் கொட்டாவியும் விட்டது. மூச்சு விடுகிற சீட்டுக்கு அரிசி கூடப் போட வேண்டும் என்று சிலர் கிட்டங்கியில் வழக்குப் பேசினார்கள். துபாசி, "மாடுகூடத்தான் மூச்சு விடுது, அதுக்காக விலைய ஏத்துறானா?" என்றார். அதிலும் நியாயம் இருக்கிறது என்று திரும்பி வந்தார்கள்.

கிட்டங்கிக்குப் போன சீட்டெல்லாம் ஒரு இரும்புப் பெட்டிக்குள் போனது. அங்கேதான் வினை.

பெட்டி நிறைய நிறைய ஊரில் ஆட்களுக்கு மூச்சுக் குறைந்தது. மெதுவாகத்தான் குறைந்தது, தேய்பிறை மாதிரி. முதலில் படகில் அம்பாப் பாட்டு நின்றது. ஒருத்தன் எடுத்துக் கொடுத்தால் அடியை முடிக்க இன்னொருத்தன் வேண்டியிருந்தது, பிறகு ஒரு அடிக்கு நாலு பேர் வேண்டியிருந்தது, பிறகு துடுப்புச் சத்தம் மட்டும். கோயிலில் மன்றாட்டு மாலையை வீட்டுக்கு ஒரு சொல்லாகப் பங்கு வைத்தார்கள், எங்களுக்காக என்று ஒரு வீடு, வேண்டிக்கொள்ளும் என்று எதிர்வீடு. பெண்கள் அடுப்பை ஊதாமல் விசிறினார்கள். ஊரில் சண்டை குறைந்தது. "உங்க ஆத்தா…" என்று ஆரம்பித்தவன் அதற்கு மேல் போக முடியாமல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்பான்; எதிராளி முதுகைத் தடவிவிடுவான். ஊர் திருந்திவிட்டது என்று சாமியார் சந்தோசப்பட்டார், அதையும் பாதி வாக்கியத்தோடு நிறுத்தினார்.

துபாசிக்கும் அதே கதி. ஊர் மறுபடி அரிசி கூடக் கேட்டுப் போனபோது துரை கிட்டங்கி வாசலில் நின்று நீளமாக ஏதோ பேசினார். எல்லோரும் துபாசியைப் பார்த்தார்கள்.

"முடியாதாம்," என்றார் துபாசி. மூச்சு வாங்கியது.

சீட்டைச் செலவழிக்காதவனுக்குப் பசி, செலவழித்தவனுக்கு இளைப்பு. பசிக்குப் பதில் சொல்லாமல் யார் இருக்க முடியும்? செலவழித்தார்கள். ஊதாங்குழல் மட்டும் வழக்கம்போல விடியலில் ஆப்பக்கூடையோடு கிளம்பி, முழு மூச்சில் ஊரைத் திட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போனாள். ஒரு வீட்டிலும் பதில் இல்லை.

"சண்ட போடக்கூட ஆளில்லாம ஆக்கிட்டீரே வே," என்றாள் லாசரிடம். அவள் கண் கலங்கி அவன் பார்த்தது அன்றைக்குத்தான்.

லாசர் விசயத்தைக் கண்டது கிட்டங்கியில். தங்கை வீட்டுக்கு அரிசி வாங்கச் சந்தியாகுவோடு போயிருந்தான். அடுக்கி வைத்த மூட்டை ஒன்று மேலேயிருந்து நழுவிச் சந்தியாகு தலைக்கு நேராக வந்தது. லாசர் முறையை மறந்தான். கயிற்றில் கூப்பிடுகிற கூப்பாட்டை, கயிற்றுக்கு உரிய பேரை, கரையில் வைத்துக் கூப்பிட்டான்:

"சந்தியாகு!"

சந்தியாகு விலகினான். மூட்டை தரையில் விழுந்தது. அப்போது மூலையில் இருந்த இரும்புப் பெட்டிக்குள் கூண்டில் புறா அடிப்பது போல ஒரு சலசலப்பு. மூடியின் இடுக்கில் ஒரு சீட்டு பாதி வெளியே வந்து சந்தியாகு பக்கம் திரும்பி நின்று, தயங்கி, மறுபடி உள்ளே சரிந்தது. லாசர் இன்னொரு தரம் கூப்பிட வாயைத் திறந்தான். காற்றுத்தான் வந்தது, பேர் வரவில்லை. இருந்த மூச்சு அந்த ஒரு கூப்பாட்டோடு சரி.

அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. சொல்வதற்கும் மூச்சு வேண்டுமே.

அந்த வாரமே கடலில் நடந்துவிட்டது. சந்தியாகு ஆளை அடிக்கு இழுக்கிற முங்குகல்லைப் பிடித்து இறங்கினான். ஊரிலேயே அதிகம் முங்கினவன் அவன். அவன் மூச்சுத்தான் பெட்டியில் அதிகம். நேரமாகிவிட்டது என்று லாசரின் கைக்குத் தெரிந்தது. கயிற்றில் வாயை வைத்துக் கூப்பிட்டான். சத்தம் தண்ணீர் மட்டத்தோடு நின்றுவிட்டது. கீழேயிருந்து இழுப்பு இல்லை. லாசர் உள்ளங்கைத் தோல் உரிய உரிய இழுத்தான். தோணியில் கிடத்தியபோது சந்தியாகு உயிரோடுதான் இருந்தான், ஆனால் நெஞ்சு தட்டையாகக் கிடந்தது. அதில் ஏறி இறங்கிய மூச்சு ஒரு தேன்சிட்டுக்குக்கூடக் காணாது.

பாயில் போட்டார்கள். ரோசலி மிச்சமிருந்த ஒன்றிரண்டு சீட்டை அவன் மூக்கருகே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சீட்டு அதுபாட்டுக்கு மூச்சு விட்டது. இவனுக்குள் போகவில்லை. அதில் இவன் பேர் இல்லை. கொண்டுவருகிறவனுக்குக் கொடு என்றுதான் எழுதியிருந்தது.

"அண்ணே," என்றாள் ரோசலி. அதற்கு மேல் அவளுக்கும் வரவில்லை. வேண்டியதும் இல்லை. கயிறு பிடித்தவனிடம் கேட்கிற கேள்வி எல்லாக் காலத்திலும் ஒன்றுதான்.

அன்று மத்தியானமே கும்பனியின் சுலுப்புக் கப்பல் வந்து நங்கூரம் போட்டது. பெட்டி நிறைந்துவிட்டதாம், பட்டணத்துக்கு ஏற்றுகிறார்களாம். லாசர் கிட்டங்கி வாசலில் போய் நின்றான்.

"பட்டணத்துல… அத என்ன… செய்வாங்க?"

"எரிப்பாங்க," என்றார் துபாசி. கொஞ்சம் நின்று மூச்சு எடுத்துக்கொண்டார். "கயித்துக்காரரே… என் மூச்சும்… அதுலதான்."

லாசர் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தான். ஊதாங்குழல் ஆப்பத்தைத் தட்டில் போட்டாள். அவன் தொடவில்லை. துண்டு துண்டாக, விக்கி விக்கி, கிட்டங்கியில் கண்டதைச் சொன்னான். பேரைக் கூப்பிட்டால் சீட்டு வருகிறது. முழுக் கூப்பாடு வேண்டும். பாதிக் கூப்பாட்டுக்குப் பாதிதான் வருகிறது. முழு மூச்சு ஊரில் யாருக்கும் இல்லை.

சொல்லிவிட்டு அவளைப் பார்த்தான். அவள் அடுப்பைப் பார்த்தாள்.

"ஊருப் பேரு எல்லாம் எனக்குத் தெரியும்," என்றாள். "எல்லாவனுக்க வீட்டு வாசல்லயும் நின்னு மல்லுக்கட்டியிருக்கேன். ஞானஸ்நானப் பேரு, தாத்தாவுக்க பேரு, தாத்தாவுக்க வண்டவாளம் வரைக்கும் தெரியும்."

"பெரியவங்க பேர… கரையில வச்சு…"

"வசவுல என்ன முறை?" அவள் தட்டை அவன் பக்கம் தள்ளினாள். "தின்னும். ஒண்ணுதான் இடிக்குது. உம்ம பேர நான் எப்படிச் சொல்லுவேன்?"

"எம்பேர விட்டுரு."

"விட்டா?"

அவன் ஆப்பத்தைப் பிய்த்தான்.

மறுநாள் வெயில் ஏறிய பிறகு பெட்டியைக் கொண்டுவந்தார்கள். மூங்கிலில் கட்டி எட்டுப்பேர் தூக்கினார்கள், முன்னால் சிப்பாய்கள், பின்னால் தொப்பியோடு துரை, துரைக்குப் பின்னால் குடையோடு துபாசி. ஊர் முழுக்கக் கரையில் நின்றது. பேச மூச்சில்லாமல், அழ மூச்சில்லாமல், தங்கள் மூச்சைத் தாங்களே வழியனுப்ப வந்தவர்கள் போல நின்றது. சந்தியாகுவையும் பாயோடு தூக்கி வந்திருந்தார்கள். பெட்டியைக் கண்ட இடத்தில் அவன் நெஞ்சு கொஞ்சம் கூடுதலாக அசைந்தது என்று பிறகு ரோசலி சொன்னாள்.

ஊதாங்குழல் ஆப்பக்கூடையை மணலில் வைத்தாள். சேலையை இழுத்துச் செருகினாள். பாதையை மறித்து நின்றாள். சண்டைக்கு நிற்கிற அதே நிலை. பழக்கத்தில் ஊர் இரண்டடி பின்னால் போனது.

"சந்தியாகு!" என்றாள்.

கடற்காகம் எல்லாம் எழுந்து பறந்தது. அந்தச் சத்தத்தை அதற்கு முன்னும் பின்னும் கேட்டவர்கள் இல்லை. ஒரு பெண், ஒரு ஆணின் கயிற்றுப் பேரை, பட்டப்பகலில், கரையில் நின்று, அடிக்கடலுக்குக் கேட்கிற மாதிரி கூப்பிடுகிறாள். "ஏ சந்தியாகு! கல்யாணத்துல என் கால மிதிச்சிட்டு மன்னிப்புக் கேக்காத சந்தியாகு! எந்திரிச்சு வாரும்வே!"

பெட்டி குலுங்கியது. மூடி இடுக்கிலிருந்து ஒரு சீட்டு எட்டிப் பார்த்தது, வெளியே வந்தது, அதன் பின்னால் இன்னொன்று, அதன் பின்னால் கூட்டமாக, தாய்க்கோழி கூப்பிட்ட குஞ்சுகள் மாதிரி ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு வந்து, காற்றுக்கு எதிராகப் பறந்து போய்ச் சந்தியாகுவின் முகத்திலும் நெஞ்சிலும் அப்பின. ஒவ்வொன்றும் ஒரு தரம் உப்பி, தணிந்து, வெறும் காகிதமாக மணலில் உதிர்ந்தது. தட்டையாகக் கிடந்த நெஞ்சு பாய்மரம் மாதிரி எழுந்தது. சந்தியாகு உட்கார்ந்து, "தண்ணி," என்றான்.

அவள் காத்திருக்கவில்லை.

"தொம்மை! ஓசிக் கள்ளுக் குடிச்சிட்டு என் ஆட்ட அவுத்து விட்ட தொம்மை! இஞ்ஞாசி! எங்கோழியத் தின்ன இஞ்ஞாசி, எலும்பு இன்னும் உன் கொல்லையில கெடக்கு, வாலே! கஸ்பாரு! வேலிய நகத்துனவனே, நீ செத்தா வேலி கூடவா வரும், இப்பவே வா! பவுலா! உப்புக் கேட்டு வந்து ஊர் வம்பக் கொண்டு போன மூதி! மதலேனு! ஞானப்பூ!"

கூப்பிடக் கூப்பிட வந்தன. இடுக்கு போதாமல் மூடியே எழும்பியது. தூக்கியவர்கள் பெட்டியை மணலில் வைத்துவிட்டுத் தங்கள் பேர் எப்போது வரும் என்று கையைக் கட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். பேர் வந்தவனெல்லாம் முதல் வேலையாக அவளைத் திருப்பித் திட்டினான். "ஏட்டி, அது எங்கோழிடி!" என்றான் இஞ்ஞாசி, எத்தனையோ மாதத்துக்குப் பிறகு ஒரே மூச்சில். அவன் பெண்டாட்டி அதைக் கேட்டு அழுதாள். கரை முழுக்க வசவு எழுந்தது, அம்பாப் பாட்டு எழுந்தது, யாரோ மன்றாட்டு மாலையை ஆரம்பத்திலிருந்து முழுக்கச் சொல்ல ஆரம்பித்தார்கள்.

துரை சிவந்துபோய்த் துபாசியைப் பிடித்து உலுக்கினார். சிப்பாய்கள் துப்பாக்கியைச் சாய்த்தார்கள்.

"சட்டநாதா!" என்றாள் ஊதாங்குழல். "பாதியச் சொல்லிப் பாதிய முழுங்குன சட்டநாதா! முழுங்குனதக் கக்கு!"

துபாசியின் குடைக்குள் சீட்டுகள் புகுந்தன. அவர் கண்ணை மூடி ஒரு நீண்ட மூச்சு இழுத்தார். பிறகு துரை பக்கம் திரும்பிப் பேச ஆரம்பித்தார். என்ன பேசினார் என்று யாருக்கும் தெரியாது. நிறுத்தாமல், கையை ஆட்டி, வானத்தைக் காட்டி, கடலைக் காட்டி, வாடைக்காற்றையும் பெட்டியின் கீலையும் காட்டிப் பேசிக்கொண்டே போனார். துரைக்குக் கேட்டுக் கேட்டுத் தலை தொங்கியது. துரை கையசைக்கச் சிப்பாய்கள் துப்பாக்கியை நிமிர்த்தினார்கள்.

பெட்டிக்குள் சலசலப்பு ஓய்ந்தது. ஓயவில்லை, ஒரு மூலையில் மட்டும் கொஞ்சம் மிச்சம். லாசரின் கூப்பாட்டுச் சீட்டுகள்.

ஊதாங்குழல் தள்ளாடினாள். முகம் வெளுத்திருந்தது. அவளிடம் இன்னும் ஒரு கூப்பாட்டுக்குத்தான் மூச்சு இருந்தது, அது எல்லோருக்கும் தெரிந்தது. லாசர் வேண்டாம் என்று கையை ஆட்டினான்.

"ஏ, ரோசலிக்க அண்ணே," என்றாள் மெதுவாக. சீட்டு அசைந்தது, வரவில்லை. "இந்தாரும், உம்மத்தான்." வரவில்லை. அவள் ஊரைப் பார்த்தாள். பெண்கள் தலை குனிந்துகொண்டார்கள்.

"லாசரு!"

வசவு இல்லை. பேர் மட்டும்.

சீட்டுகள் வந்து அவன் மேல் அப்பின. மூச்சு உள்ளே இறங்கியது, விலா எலும்பெல்லாம் விரிந்தது, அவன் நிமிர்ந்து பார்த்தபோது அவள் ஆப்பக்கூடைக்குப் பக்கத்தில் விழுந்து கிடந்தாள். மூச்சில்லை. அவளுடையது எந்தச் சீட்டிலும் இல்லை, பெட்டியைக் கவிழ்த்துத் தேடினாலும் கிடைக்காது. ஊரார் காதுக்குள் போயிருந்தது.

"ஊதாங்குழலு!" என்று ஊர் கூப்பிட்டது. இப்போது எல்லோரிடமும் மூச்சிருந்தது. "ஏ ஊதாங்குழலு!" அவள் அசையவில்லை. கரைப் பேருக்கு மூச்சு வராது.

"மதினி, மதினி," என்று உலுக்கினாள் ரோசலி. "இவ பேரென்ன? யாருக்குத் தெரியும்?" தொம்மைக்குத் தெரியவில்லை. பவுலாவுக்குத் தெரியவில்லை. சாமியாருக்குத் தெரியவில்லை, அவர் பிறகு வந்தவர். அத்தனை பேர் பேரையும் வைத்திருந்தவளின் பேர் ஒருத்தனிடமும் இல்லை.

எல்லோரும் லாசரைப் பார்த்தார்கள்.

லாசர் அவளை ஏட்டி என்று கூப்பிட்டிருக்கிறான், இந்தா என்று கூப்பிட்டிருக்கிறான், கோட்டிக்காரி என்று கூப்பிட்டிருக்கிறான், கோபம் வந்தால் கூப்பிடாமலே இருந்திருக்கிறான். அவள் பேர் அவன் காதில் விழுந்தது ஒரே தடவை, தெற்கே அவள் ஊர்க் கோயிலில், பீடத்துக்கு முன்னால், இந்த ஆளை ஏற்றுக்கொள்கிறாயா என்று அந்த ஊர்ச் சாமியார் கேட்டபோது. அன்றைக்கு அவன் மாலையின் முள் கழுத்தில் குத்துகிறதே என்று நினைத்துக்கொண்டு நின்றான். முள் ஞாபகம் வந்தது. மெழுகுவர்த்தி ஞாபகம் வந்தது. சாமியாரின் வாய் அசைந்தது ஞாபகம் வந்தது. அந்த வாயையே பார்த்துக்கொண்டு கண்ணை மூடி நின்றான். ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது, சீட்டில்லாமல்.

பிறகு மண்டியிட்டான். அவள் சேலைத் தலைப்பைக் கயிறு மாதிரி உள்ளங்கையில் ஒரு சுற்றுச் சுற்றினான். காதோரம் வாயை வைத்தான். ஆழக்கடலில் கிடக்கிற ஆளைக் கூப்பிடுகிற கூப்பாட்டில், அந்தப் பேரைக் கூப்பிட்டான்.

தலைப்பு ஒரு இழுப்பு இழுத்தது.

"என்னத்துக்குவே காதுக்குள்ள இந்தக் கத்து கத்துறீரு?" என்றாள் அவள், கண்ணைத் திறக்காமல். "ஆப்பம் நாலு மண்ணாப் போச்சு. யாரு குடுப்பா?"

துரை சீட்டையெல்லாம் பொறுக்கி எடுக்கச் சொன்னார். ஒன்றுகூடக் குறையவில்லை, எல்லாம் செத்த காகிதம். பெட்டியில் போட்டு ஏற்றிக்கொண்டு போய் எரித்துக்கொண்டார்கள். கும்பனிக்கு நட்டம் ஏதும் இல்லை. மறுநாள் ஊர் கிட்டங்கி வாசலுக்குப் போய் நின்று, முங்கு விற்பனைக்கு இல்லை, சங்குதான் விற்பனைக்கு, சங்குக்குச் செம்புக்காசு என்று பேரம் பேசியது. முழு மூச்சில் பேசியது. காலையில் ஆரம்பித்தவர்கள் வெயில் சாய்ந்தும் நிறுத்தவில்லை. துபாசி ஒரு சொல் குறையாமல் துரைக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார். பொழுது சாய்கிற நேரத்தில் துரையே பலகையைத் தூக்கி அடுப்புக்கு அனுப்பினார்.

நொச்சித்துறையில் இன்றைக்கும் பருவத்தின் முதல் முங்குக்கு முன்னால், கயிறு பிடிக்கிறவன் கயிற்றில் வாயை வைத்து ஒரு பேரைக் கூப்பிடுவான். இறங்கப்போகிறவன் பேர் இல்லை, அன்றைக்கு லாசர் காதோரம் கூப்பிட்ட பேர். தோணியில் அந்தப் பேரில் யாரும் இருக்க மாட்டார்கள். கூப்பிட்ட பிறகுதான் கல்லை விடுவார்கள்.

கித்தேரி.